எங்கேயும் போகாத படகு

சடையனிடம் பெட்ரோலைப் பற்றிப் பேச்செடுத்தால் லிட்டர் கணக்கே வராது. ஊர்க் கணக்குதான் வரும். "வண்டியில எவ்ளோ கீது?" என்று யாராவது கேட்டால், டேங்க் மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். "காவலூர் போய்ட்டு வரலாம்" என்பார். இன்னும் குறைவாக இருந்தால், "போவலாம். திரும்ப முடியாது" என்பார். வாய்ப்பேச்சு மட்டும் இல்லை, அவர் மண்டைக்குள்ளேயே பெட்ரோல் என்பது தூரம்தான். ஜவ்வாது மலையில் பெட்ரோல் பங்க்குக்கு நேர்ந்துகொண்டு போவது போலப் போய்வருகிறவர்களுக்கு வேறு எப்படிக் கணக்கு வரும்?

சாமை விதைப்பார், புளி உலுக்குவார், மீதி நேரத்தில் அந்தப் பழைய மொபெட்டைத் துடைப்பார். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றினால்தான் ஓடும் அந்தக் காலத்து வண்டி அது. இறக்கம் வந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிடுவார். மலையில் எல்லோரும்தான் அணைப்பார்கள். ஆனால் சடையனுக்கு அது ஒரு வெறி. இரண்டு முழம் இறக்கம் கண்ணில் பட்டாலும் சாவியைத் திருப்பிவிடுவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி மாணிக்கம்மாள், "இப்டியே மிச்சம் புடிச்சி மெட்ராசுல வூடு வாங்கப் போற" என்று முதுகில் குத்துவாள். சடையன் காதில் வாங்கமாட்டார். இன்ஜின் சத்தம் இல்லாமல் காற்று மட்டும் கேட்கும் அந்த இறக்கத்தில், உலகத்தையே ஏமாற்றிவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருக்கும்.

அந்தக் கிராமத்தில் ஊர் கேன் என்று ஒன்று உண்டு. சமையல் எண்ணெய் வந்த வெள்ளைக் கேன்தான், ஐந்து லிட்டர் பிடிக்கும். கீழே ஆலங்காயத்துக்கோ செங்கத்துக்கோ வண்டியில் போகிற யாராக இருந்தாலும் ஒரு பாட்டில் பெட்ரோல் அதிகம் வாங்கி வந்து அதில் ஊற்றவேண்டும். பிரசவம், பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தவன் என்று அவசரம் வந்தால் மட்டும் அதைத் தொடலாம். வழியில் எண்ணெய் தீர்ந்து நிற்பவனுக்கும் கொடுக்கலாம், ஆனால் பொழுது சாய்வதற்குள் அவன் ரொப்பி வைத்துவிட வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறியவனும் இல்லை.

அந்தக் கேன் சடையன் வீட்டில் இருந்ததற்குக் காரணம் அவருடைய நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் பீடி பிடிக்காத ஒரே ஆம்பளை அவர்தான். மற்ற எந்த வீட்டில் வைத்தாலும் என்றைக்காவது ஒருநாள் கூரையோடு போய்விடும் என்று பஞ்சாயத்தில் சிரித்துக்கொண்டே முடிவு செய்தார்கள். சடையன் சிரிக்கவில்லை. கோயில் நகையை ஒப்படைத்தது போல அதை வாங்கிக்கொண்டு போய் குதிருக்குப் பின்னால் வைத்தார்.

போன வருஷம் ஏரிக்கரையில் ஒரு விடுதி வந்தது. அதன் பின்னாலேயே லாரியில் ஏறி ஒரு படகு வந்தது. துடுப்புப் படகும் இல்லை, மிதிப் படகும் இல்லை. முதுகில் பெரிய மோட்டார் மாட்டிய படகு. பின்னால் நீளமாக ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் உப்பின ரப்பர் டியூப். டியூபில் ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்து ஏரியைச் சுற்றிச் சுற்றி இழுப்பார்கள். படுத்தவர் அலறுவார். அலறத்தான் வந்திருக்கிறார்.

அந்தப் படகை ஓட்டும் வேலை மாணிக்கம்மாளின் தம்பி அசோக்குமாருக்குக் கிடைத்தது. சட்டையில் விடுதிப் பெயர் போட்டிருக்கும், கறுப்புக் கண்ணாடி வேறு. மச்சினன் வேலைக்குப் போன பிறகும் சடையன் ஏரிப்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. கொல்லையில் நின்றால் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். "ஒரு ஏரிய சுத்துறதுக்கு ஒரு டிரைவரா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

புளி உலுக்கும் மாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அசோக்குமார் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான்.

"மாமா, கேனைக் குடு. மத்தியானத்துக்குள்ள ரொப்பிக் கொண்டாந்து வெச்சிடறேன்."

"யாருக்குடா உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. போட்டுக்கு. பெட்ரோல் வாங்க வேன் ஆலங்காயம் போயிருக்கு. அதுலதான் பெங்களூர்காரங்க வந்தாங்க. வேன் வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேங்கறாங்க. மேனேஜர் என் கழுத்துல வந்து நிக்கிறாரு."

வீட்டுக்குள்ளிருந்து மாணிக்கம்மாள் குரல் கொடுத்தாள். "குடுக்காதய்யா. அது ஊர் சாமான்."

"உன் தம்பிதான் கேக்கறான்."

"தம்பியா இருந்தா இன்னா? வண்டிங்க எல்லாம் செங்கத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கு. ஊர்ல உன் மொபெட்டு ஒண்ணுதான் கீது. அதுலயும் எண்ணெய் இல்ல."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அங்கேதான் சடையனின் ஊர்க் கணக்கு குறுக்கே வந்து உட்கார்ந்தது. ஐந்து லிட்டர் என்றால் அவர் கணக்கில் ஆலங்காயம் போய், திரும்பி வந்து, இன்னொரு தடவையும் போய்வரலாம். ஏரியோ நாலு கொல்லைக்காட்டு அகலம்கூடத் தேறாது. கரையிலிருந்து கிளம்பும் படகு அதே கரைக்குத்தான் வந்து நிற்கும். எங்கேயும் போகாத வண்டி எதைக் குடித்துவிடப் போகிறது? படகு டேங்கின் அடிப்பாகத்தை நனைப்பதற்குள் வேன் வந்துவிடும் என்றுதான் தோன்றியது.

"போற எடமே இல்ல, அதுக்கு எவ்ளோடா செலவாவப் போவுது? மிச்சத்த அப்படியே கொண்டா" என்று கேனை எடுத்துக் கொடுத்தார். அசோக்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மேனேஜர் ஞாபகம் வந்திருக்கவேண்டும், கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

மாணிக்கம்மாள் வெளியே வந்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தேவியோடு புளியந்தோப்புக்குப் போனாள். பேசவில்லை. அவள் பேசாமல் போனால் சாயங்காலம் பெரிதாகப் பேசுவாள் என்பது சடையனுக்குத் தெரியும். பேசட்டும், அதற்குள் கேன் வந்துவிடும் என்று மொபெட்டைத் துடைக்கத் துணி தேடினார்.

வண்டியைத் துடைத்து முடிப்பதற்குள் தேவியின் அலறல் வந்துவிட்டது.

சருகுக்குள் கையை விட்டுப் புளியம்பழம் பொறுக்கிய மாணிக்கம்மாள், ஓர் அடி பின்னால் எடுத்து வைத்திருக்கிறாள். சருகு நிறத்திலேயே சுருண்டு கிடந்த விரியன், காலில் மெட்டி போட்ட விரலிலேயே கொத்திவிட்டது. சடையன் ஓடிப் போனபோது அவள் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தேவி முதல் வேலையாக அவள் இரண்டு காலிலிருந்தும் மெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. அதற்குள்ளேயே கடிபட்ட விரல் பருக்க ஆரம்பித்திருந்தது.

கடித்த இடத்தைச் சடையன் பார்க்கவே இல்லை. மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார். அவள் முகத்தில் வலிகூட இல்லை, காலையில் பார்த்த அதே பார்வைதான் இருந்தது.

"கேன் எங்கய்யா?" என்றாள்.

தேவி செல்போன் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடி நூற்றியெட்டு ஆம்புலன்சுக்குப் பேசிவிட்டு வந்தாள். இந்தப் பக்கத்து வண்டி வேறொரு ஆளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, திரும்ப நேரமாகும், ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்கிறோம், முடிந்தால் கிளம்பிவிடுங்கள் என்றார்களாம். நடக்கவிடாதீர்கள் என்றும் சொன்னார்களாம். சடையன் மொபெட்டின் மூடியைத் திறந்து பார்த்தார். ஏரி வரைக்கும் இருந்தது. திரும்புவதற்கு இல்லை.

"இவள ரோட்டு முனைக்குத் தூக்கியாந்து வெய்யி. நான் கேனோட வர்றேன்" என்று தேவியிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஐந்து லிட்டரில் பாதியாவது இருக்கும், பாதி இருந்தாலே ஆஸ்பத்திரிக்குத் தாராளம் என்று வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார்.

ஏரிக்கரையில் மேனேஜர் ஜீவானந்தம் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் காலடியில் வெள்ளைக் கேன் கிடந்தது. சடையன் பாய்ந்து போய் அதைத் தூக்கினார். வெறுங்கையைத் தூக்கியது போலக் கை மேலே போய்விட்டது. தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு கூட விழவில்லை.

"இன்னாங்க இது? காலையிலதான குடுத்தேன்! எங்க ஊத்திட்டீங்க?"

"போட்டுலதாங்க. அது ரெண்டு பேர் ஏறி எறங்குறதுக்குள்ள முடிஞ்சிடும்." ஜீவானந்தம் வேலூர்க்காரர், நல்ல மனிதர். இவர் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று புரியாமல் விளக்கினார். "போட்டு மட்டும் தனியா போனா கம்மியாதான் குடிக்கும். இது ஆள இழுக்கணும்ல? ஒவ்வொரு வாட்டியும் நின்ன எடத்துலேர்ந்து தண்ணிய முட்டிக்கினு எழும்பணும். அப்பத்தான் மடமடன்னு குடிக்கும். போன வாட்டி வேன்ல கொண்டாந்த மொத்த ஸ்டாக்கையும் நேத்தே குடிச்சிடுச்சி. இப்ப டேங்குல அடி மட்டும் கீது, இந்த ஆளோட சரி."

சடையன் கையில் கேனோடு அப்படியே நின்றார். தலைக்குள் ஏதோ அறுந்துவிட்டது போல இருந்தது. அவர் வாழ்நாளில் இறக்கத்தில் இறக்கத்தில் அணைத்து அணைத்து மிச்சம் பிடித்ததெல்லாம் இந்த ஏரித் தண்ணீரில் நுரையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரே பாட்டில் பாட்டிலாகச் சுமந்து சேர்த்ததை, இரண்டு பேர் கத்தி முடிப்பதற்குள் குடித்திருக்கிறது. எங்கே போவதற்கு? எங்கேயும் இல்லை!

"பாம்பு கடிச்சிடுச்சிங்க. என் பொண்டாட்டிய" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை.

ஜீவானந்தத்தின் குடை கீழே விழுந்தது. "ஐயையோ! வேனும் இல்லையே" என்று அவர் வாயில் விரலை வைத்து விசில் அடித்தார், இரண்டு கையையும் ஆட்டினார். மோட்டார் சத்தத்தில் அதெல்லாம் எங்கே கேட்கும்? சடையன் தோள் துண்டை எடுத்துச் சுழற்றினார். தூரத்தில் அசோக்குமார் அதைப் பார்த்துவிட்டான். இத்தனை நாளாக வராத மாமா முதல்முறையாகத் தன் வேலையைப் பார்க்க வந்திருக்கிறார், துண்டு வேறு வீசுகிறார்! பையனுக்குத் தலைகால் புரியவில்லை. பதிலுக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மாமாவுக்காகவே மோட்டாரை இன்னும் முறுக்கினான். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு வட்டம் போட்டது. டியூபில் கிடந்தவர் குஷியில் ஊளையிட்டார்.

அந்த ஒவ்வொரு வட்டத்தையும் சடையன் பார்த்தது வேறு மாதிரி. இந்த வட்டத்தில் ஊர் எல்லை போனது. அடுத்ததில் சந்தை மேடு போனது. இதோ இந்தத் திருப்பத்தில் காவலூர் போய்க்கொண்டிருக்கிறது. மாணிக்கம்மாள் போகவேண்டிய பாதையைக் கண்ணெதிரே ஒருவன் சிரித்துக்கொண்டே சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தான், அதுவும் அவள் கூடப் பிறந்தவன்.

"டேய்! போதும்டா! நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே சடையன் ஏரிக்குள் இறங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது. அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியும் நிற்கவில்லை. படகு வரும் வழியில் கழுத்தளவு தண்ணீரில், தலைக்கு மேலே அந்த வெறும் கேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெள்ளைக் கேனைப் பார்த்ததும்தான் அசோக்குமாரின் முகம் மாறியது. ஊர் கேனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தால் என்ன அர்த்தம் என்று அந்த மலையில் பிறந்த யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. மோட்டாரை அணைத்தான். டியூபில் இருந்தவர் குட்டிக்கரணம் அடித்துத் தண்ணீரில் விழுந்து, மேலே வந்து, இன்னொரு சுற்று என்று விரலைக் காட்டினார்.

"யாருக்கு மாமா?"

"உங்க அக்காவுக்குடா."

அசோக்குமார் மோட்டாரிலிருந்து குழாயைப் பிடுங்கினான், டேங்கைத் தோளில் போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் குதித்துக் கரைக்கு வந்தான். மொபெட்டின் வாயில் கவிழ்த்தான். ஒரு சோடா பாட்டில் அளவுக்குக் கூட வரவில்லை. குழாய்க்குள் நிற்பதையும் விடக்கூடாது என்று வாய் வைத்து உறிஞ்சித் துப்பி ஊற்றினான். படகுக்காக அவன் ஆயில் கலந்து வைத்திருந்த பெட்ரோல் அது. மலையிலேயே அந்தக் கலவையில் ஓடக்கூடிய இன்னொரு வண்டி சடையனுடைய மொபெட் மட்டும்தான். "காலையில சொல்ல வந்தேன் மாமா, நெறைய குடிக்கும்னு. நீ கேனைத் தரமாட்டியோன்னு பயந்துட்டேன்" என்று அழுதான். சடையன் அவனைத் திட்டவில்லை. டேங்குக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

காவலூர் தாண்டி ஒரு மேடு இருக்கிறது. அது வரைக்கும் ஏற்றமும் சமமும்தான். அந்த மேட்டில் ஏறிவிட்டால் ஆலங்காயம் வரைக்கும் ஒரே இறக்கம். டேங்கில் இருந்தது மேடு வரைக்கும் போதுமா போதாதா என்பதை அன்றைக்கு அவரால் சொல்ல முடியவில்லை. முதல்தடவையாக அவருக்கு ஊர்க் கணக்கு வரவில்லை.

ரோட்டு முனையில் மாணிக்கம்மாள் தேவியின் மடியில் சாய்ந்திருந்தாள். கால் முட்டி வரைக்கும் வீங்கி மினுமினுத்தது, ஈறு ஓரத்தில் லேசாக ரத்தம் தெரிந்தது. அவளை நடுவில் உட்கார வைத்து, தேவி பின்னால் ஏறிக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பாதியாவது மிச்சம் இருந்துச்சா?" என்று மாணிக்கம்மாள் கேட்டாள்.

"இருந்துச்சி. பேசாத."

"பொய் சொல்ற. உன் முதுகு நடுங்குது."

மொபெட் காவலூரைத் தாண்டியது. மேட்டில் பாதி ஏறும்போது ஒருமுறை இருமியது. சடையன் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, டேங்கின் மூலையில் நின்ற கடைசிச் சொட்டையும் வரவழைத்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனது. மறுபடி இருமி, அடியோடு அணைந்துபோனது. உச்சிக்குக் கூப்பிடு தூரம்தான். சடையனும் தேவியும் இறங்கினார்கள். மாணிக்கம்மாளைச் சீட்டிலேயே வைத்து, ஒருவர் அவளைத் தாங்க, ஒருவர் வண்டியைத் தள்ள, அந்த மேட்டை ஏறினார்கள். சடையன் வாய்விட்டு அழுதுகொண்டே தள்ளினார். அந்தத் தூரத்துக்கு வேண்டியது ஒரு மூடி பெட்ரோல்தான். ஏரியில் அசோக்குமார் தனக்குக் கை காட்டிவிட்டுச் சுற்றிய அந்த ஒரு வட்டம்தான் இந்த மேடு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

உச்சியிலிருந்து வண்டி தானாக இறங்கியது. அதே காற்றுச் சத்தம். அதில் இப்போது எந்தத் திருப்தியும் இல்லை. பாதி இறக்கத்தில் எதிரே விடுதி வேன் ஏறி வந்தது. உள்ளே கண்ணாடி வரைக்கும் கேன்கள் அடுக்கியிருந்தன. டிரைவர் இவர்களைப் பார்த்து வேனை நிறுத்தி, "இன்னாங்க ஆச்சி?" என்று கத்தினார். அந்தக் குறுகின வளைவில் அவர் வேனைத் திருப்புவதற்குள் இவர்கள் கீழே போய்விடுவார்கள். சடையன் பிரேக்கைத் தொடவில்லை. ஆனால் பக்கத்தில் கடந்தபோது அந்தக் கேன்களைப் பார்த்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு மலையில் எத்தனை பேருக்கு எது வந்தாலும் போதும் போல இருந்தது. அத்தனையும் அந்த ஏரியைச் சுற்றப் போய்க்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் மருந்து தயாராக எடுத்து வைத்திருந்தார்கள். உடனே ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிட்னி போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். மாணிக்கம்மாள் பிழைத்தாள். கடிபட்ட விரலை மட்டும் எடுக்கவேண்டியதாகிவிட்டது. தேவி முந்தானையில் முடிந்து வைத்திருந்த மெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தபோது, மாணிக்கம்மாள் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஜீவானந்தம் மறுநாளே கேனை ரொப்பி, கூடவே இன்னொரு கேனும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அசோக்குமார் படகு வேலையை விட்டுவிட்டான். வேறு யாரோ ஓட்டுகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்து சடையனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. கேன் மட்டும் மாணிக்கம்மாள் பொறுப்புக்குப் போனது. இடம் மாறவில்லை, அதே குதிருக்குப் பின்னால்தான். ஆனால் சடையன் அதைத் தொடக்கூடாது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியிலிருந்து அந்தச் சத்தம் கொல்லைக்கு வரும். சடையனின் மண்வெட்டி பாதியில் நின்றுவிடும். மோட்டார் முறுக்கும்போதெல்லாம் அவர் உதடு தானாக அசையும். ஊர் எல்லை, சந்தை மேடு, காவலூர், அந்த மேடு. சத்தம் நிற்கிற வரைக்கும் அவரும் நிற்பார். களத்தில் காலை நீட்டிப் புளி உடைத்துக்கொண்டிருக்கும் மாணிக்கம்மாள் நிமிர்ந்து பார்ப்பாள்.

"எது வரைக்கும்யா போயிருக்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு உன்ன இட்டுக்கினு போய்ச் சேந்துட்டேன்" என்றார் சடையன். "நாலாவது வாட்டி. இன்னும் சுத்திக்கினே கீது."

மாணிக்கம்மாள் விரல் இல்லாத காலைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டு புளியை உடைக்க ஆரம்பித்தாள்.